சம்பளமில்லாத உத்தியோகம்

நான் திருச்சியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். சம்பளப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே போட்டிருப்பது அந்த ஒரு வேலைதான். ஆனால் காலைக் காப்பிக்கும் ராத்திரிப் பாலுக்கும் நடுவில் நான் பார்க்கிற உத்தியோகங்களை எழுதினால் தாலுகா ஆபீஸ் பெயர்ப்பலகையில் இடம் போதாது. வங்கியில் காசாளர் நான். மின்வாரியத்தில் ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்து பணம் வாங்குகிறவன் நான். ரயில் டிக்கெட்டுக்கு முன்பதிவு எழுத்தர், கேஸ் சிலிண்டருக்குப் பதிவேடு எழுதுகிறவன், மகள் படிக்கும் பள்ளிக்கு நகல் எடுக்கிற பியூன், பார்சல் கொண்டுவரும் பையன்களுக்கு வழிகாட்டி. ஒன்றுக்கும் நான் விண்ணப்பம் போடவில்லை. பரீட்சை எழுதவில்லை. எந்த எம்.எல்.ஏ.விடமும் சிபாரிசுக் கடிதம் வாங்கவில்லை. ஒரு போன் வாங்கினேன். நியமன உத்தரவுகள் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன.

இந்த உண்மையை வீட்டில் முதலில் கண்டுபிடித்தவர் அப்பா. அவர் அஞ்சல் துறையில் கவுன்ட்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவர். மணியார்டர், பதிவுத் தபால், சேமிப்புப் பத்திரம் என்று எல்லா ஜன்னலையும் பார்த்தவர். ஓர் இரவு நான் சாப்பிட்ட கையோடு போனைத் தடவிக்கொண்டிருந்ததைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“என்னடா பண்றே இந்நேரத்துல?”

“கரண்ட் பில் கட்டறேன்ப்பா.”

“சர்வீஸ் நம்பரைத் தேடி எடுத்துப் போட்டது யாரு?”

“நான்தான்.”

“தொகை சரியான்னு பார்த்தது?”

“நான்தான்.”

“ரசீது?”

“அதையும் நானே டவுன்லோட் பண்ணிக்கணும்.”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதைத்தான்டா நான் சர்வீஸ் பூரா பண்ணினேன். எனக்குச் சம்பளம் கொடுத்தான். பஞ்சப்படி கொடுத்தான். உட்கார நாற்காலி, மேலே ஃபேன், மதியம் சாப்பாட்டுக்கு ஜன்னலை மூடிக்கிற உரிமை. இப்போ பென்ஷனும் வருது. உனக்கு என்ன கொடுத்தான்?”

எனக்கு ஒரு பச்சை டிக் கொடுத்திருந்தார்கள். கொஞ்சம் காகிதத் துண்டுகள் திரையில் பறந்தன. அதை அவரிடம் காட்டத் தயக்கமாக இருந்தது.

நியாயமாகப் பார்த்தால் இது போன் கண்டுபிடித்த தந்திரமில்லை. 1916-ல் அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் ‘பிக்லி விக்லி’ என்று ஒரு மளிகைக் கடை திறந்தார். அதுவரை அங்கேயும் நம்முடைய அண்ணாச்சி கடை வழக்கம்தான். சீட்டை நீட்டினால் கடைப்பையன் ஓடி ஓடி எடுத்துப் பொட்டலம் கட்டித் தருவான். சாண்டர்ஸ் வந்தவர்கள் கையில் ஒரு கூடையைக் கொடுத்து, உள்ளே போய் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கடைப்பையன் வேலையை வாடிக்கையாளர்கள் பார்த்தார்கள். அதுவும் சிரித்த முகத்தோடு பார்த்தார்கள். அந்தச் சிரித்த முகம்தான் வியாபார உலகத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்பது என் அபிப்பிராயம்.

நம் நாட்டில் 1960-ல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையில் முதல் எஸ்.டி.டி. வந்தது. டிரங்க் கால் போட்டுத் தரும் ஆபரேட்டரின் வேலை நம் ஆள்காட்டி விரலுக்கு மாறியது. 1967-ல் லண்டனின் என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கி பணம் தரும் இயந்திரத்தைச் சுவரில் வைத்தது. காசாளரின் வேலையில் பாதி நமக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் ஓர் ஆளை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு அங்கே நம்மை உட்காரவைத்தார்கள். போன் செய்த புதுமை என்னவென்றால், எல்லா நாற்காலிகளையும் ஒரே சட்டைப்பைக்குள் கொண்டுவந்து போட்டதுதான்.

வேலையில் சேருகிறவன் விவரம் தர வேண்டாமா? அதையும் கேட்கிறார்கள். ஒரு டார்ச் ஆப் இறக்கினால் நீ எங்கே இருக்கிறாய், உனக்கு யார் யாரைத் தெரியும், உன் கல்யாண போட்டோக்களைப் பார்க்கலாமா என்று விசாரிக்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்டதில்லை. கதையில்லை, அமெரிக்காவில் 2013-ல் ஒரு டார்ச் ஆப், உபயோகிக்கிறவர்கள் இருக்கும் இடத்தை விளம்பரக் கம்பெனிகளுக்குத் தந்ததாக அந்த நாட்டு வர்த்தக ஆணையமே நடவடிக்கை எடுத்தது. இருட்டில் செருப்பைத் தேடியவர்களின் முகவரியெல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

எல்லா உத்தியோகமும் கெடுதல் என்று நான் சொல்லமாட்டேன். யுபிஐ வந்தது 2016 ஏப்ரலில். அதே வருஷம் நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்றதும், அதுவரை திரும்பிப் பார்க்காத ஜனங்கள் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். இன்று காந்தி மார்க்கெட்டில் கீரைக்கட்டுக்குப் பக்கத்திலேயே கியூஆர் அட்டை நிற்கிறது. கீரை விற்கிற ஆத்தாவுக்குச் சில்லறைத் தொல்லை போயிற்று. டிக்கெட்டின் பின்பக்கம் பாக்கியை எழுதிக்கொடுத்துவிட்டு, நாம் இறங்குகிற நேரம் பார்த்துக் கூட்டத்துக்குள் மறைந்துவிடும் கண்டக்டர்களைப் பிடிக்க ஓட வேண்டியதில்லை. மளிகைக் கடையில் மீதிக்கு மிட்டாய் கொடுக்கும் சம்பிரதாயமும் ஒழிந்தது. என் பல் டாக்டருக்குத்தான் நஷ்டம்.

ஆனால் காசாளர் பதவிக்கு உண்டான கௌரவம் மட்டும் வரவில்லை. பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று என் போன் பச்சை நிறத்தில் சத்தியம் செய்யும். கடைக்காரர் அதை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். போலிப் பச்சை டிக் காட்டி ஏமாற்றுகிறவர்கள் உண்டு என்பதால், பணம் வந்ததைக் குரல் கொடுத்துச் சொல்லும் பெட்டியைத்தான் அவர் நம்புவார். “இருங்க சார், சவுண்டு வரட்டும்.” டீக்கடை வாசலில் நானும் நாலு பேரும் பெட்டியின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்போம். பெட்டி பேசினால் நான் யோக்கியன். சிக்னல் இல்லையென்றால் சந்தேகத்துக்குரிய நபர்.

பேசினாலும் ஆபத்து. சர்க்கரை கூடியிருக்கிறது, இனிப்பைத் தொடாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி பூக்கடையில் நிற்க, நான் ஒதுங்கி ஒரு மிட்டாய்க் கடைக்குள் போய்ச் சத்தமில்லாமல் கால் கிலோ அல்வாவுக்கு ஸ்கேன் செய்தேன். “நூற்று இருபது ரூபாய் பெறப்பட்டது” என்று அந்தப் பெட்டி தெருவுக்கே அறிவித்தது. பூக்கடையிலிருந்து ஒரு தலை திரும்பியது. மாதக் கடைசியில் அதே தலை என் போனுக்குள் குனிந்து கணக்குப் பார்க்கும்.

“என்னங்க, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாப்பது ரூபா, புதன்கிழமை நாப்பது ரூபா... தினமும் இவருக்கு எதுக்குப் பணம் அனுப்பறீங்க?”

போனில் இருந்தது பஜ்ஜி மாஸ்டர் பெயர். முன்பெல்லாம் பஜ்ஜிக்குச் சாட்சி கிடையாது. எண்ணெய் படிந்த காகிதத்தைக் கசக்கிப் போட்டால் வழக்கு முடிந்தது. இப்போது சித்திரகுப்தன் கணக்கு, தேதி, நேரம், நிமிஷத்தோடு இருக்கிறது. அதை எழுதி வைத்தவனும் நானே.

ஓடிபி என்கிற அத்தியாயம் தனி. கார்டை நேரில் நீட்டாமல் ஆன்லைனில் பணம் கட்டுவதற்கு இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-ல் விதித்தது. அதற்கு முந்தைய காலத்தில் நம் கையெழுத்தை அட்டையில் உள்ள கையெழுத்தோடு ஒத்துப் பார்க்க வங்கியில் ஓர் அதிகாரி இருப்பார். ‘ர’வின் கால் கொஞ்சம் நீண்டுவிட்டால், “இது உங்க கையெழுத்துதானா?” என்று நம்மையே சந்தேகப்பட வைப்பார். இப்போது அந்த அதிகாரி வேலையும் நம்முடையது. நானே பணம் கேட்டு, நானே என்னைச் சந்தேகித்து, நானே எனக்கு ரகசிய எண் வரவழைத்து, நானே என்னை நம்பவேண்டும்.

அப்பாவின் மருந்துக்கு ஆர்டர் போடுவது நான். பணம் போவது அவர் கணக்கிலிருந்து. எண் வருவது அவர் போனுக்கு. அந்த நேரம் பார்த்து அவர் மலைக்கோட்டை அடிவாரத்தில் மாணிக்க விநாயகர் சந்நிதியில் இருப்பார்.

“அப்பா, இப்போ உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லுங்க.”

“வந்திருக்கு. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கே.”

“நான் உங்க மகன்ப்பா.”

“மகனுக்குச் சொல்லலாம்னு போடலையே.”

“மருந்து உங்களுக்குத்தானே?”

“அதுக்காக ரூல்ஸை மாத்த முடியுமா? பேசறது நீதான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“குரல் தெரியலையா?”

“குரலை இப்போ மிஷினே பேசுதாம். பேப்பர்ல போட்டிருந்தான். உங்கம்மா பொறந்த ஊர் எது, சொல்லு பார்ப்போம்.”

“லால்குடி.”

“சரி, நீதான். ஆனாலும் நம்பரைச் சொல்லமாட்டேன். வீட்டுக்கு வந்து நானே அடிக்கிறேன்.”

அவர் பிரகாரம் சுற்றி, பிரசாதம் வாங்கி, பஸ் பிடித்து வீட்டுக்கு வருவதற்குள் அந்த எண் காலாவதியாகிவிட்டது. அவருக்கு வருத்தமில்லை. “இன்னொண்ணு அனுப்பச் சொல்லு, நான் எங்கேயும் போகலை” என்றார். இன்று நாட்டில் படித்தவர்கள், பெரிய பதவியில் இருந்தவர்கள் எல்லாம் ஓடிபியைச் சொல்லிவிட்டுப் பணத்தைத் தொலைக்கிறார்கள். என் அப்பாவிடம் மட்டும் எந்த மோசடிக்காரனும் ஜெயிக்க முடியாது. அவனுக்கும் லால்குடி பதில் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தாலும் பிரயோஜனமில்லை.

அடுத்தது முன்பதிவு எழுத்தர் வேலை. தட்கல் என்பது பயணத்துக்கு முதல் நாள் காலை ஏசி வகுப்புக்கு 10 மணிக்கும் மற்ற வகுப்புக்கு 11 மணிக்கும் திறக்கிற கதவு. 2025 ஜூலை முதல் ஆன்லைனில் அந்தக் கதவுக்குள் நுழைய ஆதார் சரிபார்ப்பும் வேண்டும். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஒரு பெர்த் வேண்டும் என்றால் மணி அடிப்பதற்கு முன்பே பயணி பெயர், வயது எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, கட்டைவிரலை அந்தரத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். வீட்டில் யாரும் மிக்ஸி போடக்கூடாது. மிக்ஸிக்கும் இணையத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று மகள் சொல்கிறாள். எனக்கு அதில் ரிஸ்க் எடுக்க விருப்பமில்லை.

ஆன்லைனில் எந்தக் கதவுக்குப் போனாலும் வாசலில் ஒரு காவல்காரன் நிறுத்தி, நீ மனிதன்தான் என்று நிரூபி என்கிறான். கேப்ச்சா. கோணல்மாணலான எழுத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். நாமெல்லாம் சம்பளமில்லாத குமாஸ்தாக்கள் என்கிற என் கொள்கைக்கு இங்கேதான் அசைக்க முடியாத ஆதாரம் கிடைத்தது. கேப்ச்சாவை உருவாக்கியவர்களில் ஒருவர் லூயிஸ் வான் ஆன், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்துக்காரர். உலகம் முழுக்க ஒரு நாளைக்குச் சுமார் 20 கோடி கேப்ச்சாக்கள், தலா 10 விநாடி, மொத்தம் 5 லட்சம் மணி நேரம் மனித மூளை வீணாகிறதே என்று அவர் கணக்குப் போட்டார். நாமாக இருந்தால் ஐயோ பாவம் என்று நிறுத்தியிருப்போம். அவர் 2007-ல் ரீகேப்ச்சா கொண்டுவந்தார். பழைய புத்தகங்களையும் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் பழைய இதழ்களையும் ஸ்கேன் செய்தபோது கம்ப்யூட்டருக்குப் புரியாமல் போன வார்த்தைகளை எடுத்து, நம்மிடம் காட்டிப் படிக்கச் சொன்னார். 2009-ல் கூகுள் அதை வாங்கியது. பிறகு தெருப் படங்களில் உள்ள வீட்டு எண்களையும் நாம் படித்துக் கொடுத்தோம்.

யோசித்துப் பாருங்கள். நான் பகலெல்லாம் அச்சகத்தில் சம்பளத்துக்கு மெய்ப்புத் திருத்துகிறேன். அதன் பிறகு வீட்டுக்கு வந்து, அமெரிக்கப் பத்திரிகைக்கு இலவசமாக மெய்ப்புத் திருத்தியிருக்கிறேன். என் முதலாளிக்கு இது தெரிந்தால் போட்டிக் கம்பெனியில் வேலை பார்த்ததாக மெமோ கொடுப்பார்.

இப்போது எழுத்து போய்ப் படம் வந்திருக்கிறது. தீயணைப்புக் குழாய் உள்ள கட்டங்களைத் தொடு என்கிறது. அந்தச் சிவப்புக் குட்டையனை ஆங்கிலப் படத்தில் கார் மோதித் தண்ணீர் பீச்சும்போது பார்த்ததோடு சரி, தில்லை நகரில் பார்த்ததில்லை. பாதசாரிகள் கடக்கும் கோடுகளைத் தொடு என்கிறது. நம் ஊரில் அந்தக் கோடு இருக்கிறது. அதில் கடக்கிற பாதசாரியைத்தான் தேட வேண்டும். மோட்டார் சைக்கிளைத் தொடு என்கிறது. வண்டியின் கண்ணாடி நுனி பக்கத்துக் கட்டத்தில் ஒரு நூல் அளவு நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தொட்டால் நான் மனிதனா, தொடாவிட்டால் மனிதனா? சங்கரரும் ராமானுஜரும் உட்கார்ந்து வாதாட வேண்டிய விஷயம். என்னிடம் கேட்டால் எப்படி?

மனிதன் என்று நிரூபிப்பதற்கே இந்தப் பாடு என்றால், உயிரோடு இருப்பதை நிரூபிக்கிற பாட்டையும் சொல்லிவிடுகிறேன். பென்ஷன்காரர்கள் வருஷா வருஷம் நவம்பரில் தாங்கள் இருப்பதாக அத்தாட்சி தர வேண்டும். 2014 நவம்பரில் ‘ஜீவன் பிரமாண்’ என்று டிஜிட்டல் சான்றிதழ் வந்தது. 2021-லிருந்து ஆண்ட்ராய்டு போனில் முகத்தைக் காட்டினாலே போதும். படுத்த படுக்கையாக இருப்பவர்களை ஆட்டோவில் தூக்கிப் போய் ஆபீஸ் வாசலில் இறக்கிய கொடுமையை நினைத்தால் இது பெரிய உபகாரம். அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

ஆனால் போட்டோவைக் காட்டி ஏமாற்றக் கூடாதே என்பதற்காக, முகம் உயிருள்ளதுதானா என்று பார்க்க அந்த ஆப் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது. அப்பாவின் தலைமுறையில் போட்டோ என்றால் விறைப்பாக உட்கார்ந்து மூச்சை அடக்கி இமைக்காமல் இருப்பது. ஸ்டூடியோக்காரர் அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம்.

“அப்பா, கண்ணைச் சிமிட்டுங்க.”

“யாரைப் பார்த்து?”

“போனைப் பார்த்து.”

“இந்த வயசுல என்னைக் கண்ணடிக்கச் சொல்றியா?”

உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கே ஒரு தடவை அடிச்சதில்லை. போனுக்கா அடிக்கப்போறார்?” என்றாள். அப்பாவுக்கு வந்த கூச்சத்தில் இமை தானாகவே இரண்டு தடவை அடித்துக்கொண்டது. அவர் உயிரோடு இருப்பதை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது.

சான்றிதழ் வந்ததும் அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு ஒரு குறை இருந்தது. “முன்னே நவம்பர் வந்தா எல்லாரும் நேர்ல போவோம். அந்த வரிசையிலதான் யார் இருக்கா, யார் இல்லைன்னு தெரியும். இப்போ நான் இருக்கேன்னு சர்க்காருக்குத் தெரியுது. மத்தவன் இருக்கானான்னு எனக்குத் தெரியலை.”

மீதி உத்தியோகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மகளின் பள்ளியில் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் ஒரு பிடிஎஃப் வந்து விழும்: நாளைக் காலை கலர் பிரின்ட், சார்ட் அட்டை, மாறுவேடத்துக்கு வேலு நாச்சியார் வாள். பூட்டின ஜெராக்ஸ் கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டுகிற பதவி என்னுடையது. பார்சல் வரும்போது வரைபடம் பையன் கையில் இருக்கும். ஆனாலும் போன் அடிப்பான். “சார், லொகேஷன் எங்கே சார்?” பிள்ளையார் கோயில் தாண்டி, டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில், நாய் படுத்திருக்கும், ஒன்றும் செய்யாது என்று நான் நேர்முக வர்ணனை கொடுக்க வேண்டும். வந்து சேர்ந்ததும் அவன் முகத்தைப் பார்த்தால், “அஞ்சு ஸ்டார் போட்டுருங்க சார்” என்று கேட்காமல் கேட்பான். போடுகிறேன். பெட்ரோல் அவன் காசு, வெயில் அவன் தலையில். அவன் வேலையை மதிப்பிடும் மேலதிகாரி பதவி மட்டும் எனக்கு. அதற்கும் சம்பளமில்லை என்றாலும், அந்த ஒரு பதவியில் நான் கையைச் சுருக்குவதில்லை.

என் சொந்த உத்தியோகமும் சும்மா இருக்கவில்லை. கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றுகிற நேரத்தில் முதலாளி அழைப்பிதழ் புரூஃபைப் படம் எடுத்து அனுப்பி, “ஒரு நிமிஷம் பாத்துருங்க” என்பார். இடது கையால் போனைப் பிடித்து, ‘திருவளர்செல்வி’க்கு ஒற்று மிகாது என்று குரல் பதிவு அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் ரசம் தாண்டிப் பாயசம் போய்க்கொண்டிருக்கும்.

ஆக, வேலை குறைந்துவிட்டது என்று சொல்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: வேலை குறையவில்லை, கவுன்ட்டரின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறது. இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் என்று நறுக்கித் தருவதால் கனம் தெரியவில்லை. வரிசையில் நின்று காய்வதைவிட இது எனக்கு வசதி என்பதையும் மறுக்கமாட்டேன். எனக்குக் கண் தெரிகிறது, எழுத்து தெரிகிறது, போனில் சார்ஜ் இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் இந்த உத்தியோகத்தில் ஒருவரால் நீடிக்க முடியாது. போன் இல்லாத கூலிக்காரருக்கும், விரல் நடுங்குகிற பெரியவருக்கும் ‘ஆன்லைன்ல பண்ணிக்கோங்க’ என்பது பதிலாகாது.

ஆகவே எங்களை வேலைக்கு எடுத்துக்கொண்ட எல்லா முதலாளிகளுக்கும் ஒரு விண்ணப்பம். சம்பளம் கேட்கவில்லை. பொங்கல் போனஸ் கேட்கவில்லை. ஊருக்கு ஒரு ஜன்னலையாவது மூடாமல் வையுங்கள். அதன் பின்னால் சம்பளம் வாங்குகிற ஒரு மனிதரை உட்காரவையுங்கள். வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: வீட்டுப் பெரியவர்கள் ஓடிபி சொல்ல மறுத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர்கள் கட்சிதான் சரி. யாராவது ஏமாற்றிப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள்.